போர்டில் ‘வெப்பமண்டல மருத்துவம்’ என்று போடலாமா?

அச்சுக்கடை, வேலூர்

தோட்டப்பாளையத்தில் சின்னதாக ஓர் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். லாட்ஜு விலைப்பட்டியல், மருந்துக்கடை பில் புத்தகம், ரத்தப் பரிசோதனை உறை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, எது வந்தாலும் செய்வேன். வெளிமாநில நோயாளிகள் நிறைய வரும் ஊர் என்பதால் தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம் என்று நான்கு எழுத்திலும் பிழை திருத்த வேண்டியிருக்கிறது. வங்காள எழுத்து எனக்குப் படம் மாதிரிதான். மூலத்தையும் அச்சையும் பக்கத்தில் வைத்து, கோட்டுக்குக் கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒப்பேற்றிவிடுவேன். தமிழில்தான் மாட்டிக்கொள்கிறேன்.

போன திங்கட்கிழமை ஒரு டாக்டர் வந்தார். புதிதாக கிளினிக் திறக்கிறார். எட்டடிக்கு மூன்றடி ஃபிளெக்ஸ். மேலே அவர் பெயர், படிப்பு. அடியில் கொட்டை எழுத்தில் ‘வெப்பமண்டல மருத்துவப் பிரிவு’. அவர் எழுதிக்கொடுத்த தாளில் ‘மருத்துவ பிரிவு’ என்றுதான் இருந்தது. ப் போட்டது நான். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

மாதிரித் தாளை எடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். காப்பீட்டு அட்டையை நகல் எடுக்க அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். மெஷின் சூடாகும்வரை நின்றுகொண்டே அந்தத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். “வெப்ப… மண்டல… ஏனய்யா, உடம்புச் சூட்டுக்குத் தனியாக டாக்டர் வந்துவிட்டாரா? என் மருமகளுக்குச் சூட்டுக்கட்டி ஓயாமல் வருகிறது. கூட்டிக்கொண்டு வரட்டுமா?”

முதலில் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் படித்ததில் என்ன தப்பு? நம் வீடுகளில் சூடு என்பது ஒரு நோயின் பெயர். கண் எரிந்தால் சூடு, நீர் கடுத்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு. கோழிக்கறி சூடு, பப்பாளி சூடு, வெந்தயம் குளிர்ச்சி. அதிலும் இது வேலூர். சித்திரையில் மாலை ஆறு மணிக்குக்கூட கடை ஷட்டரை வெறுங்கையால் தொட முடியாது. இந்த ஊரில் வெப்பம் என்று எட்டடிக்கு எழுதி வைத்தால், படிப்பவர் மோரையும் இளநீரையும்தான் நினைப்பார்.

டாக்டருக்கு ஃபோன் செய்து கேட்டேன். “டிராபிகல் மெடிசின் என்பதற்குத் தமிழ் அதுதான். மலேரியா, டெங்கு, யானைக்கால், தொழுநோய், பாம்புக்கடி எல்லாம் அதில் வரும். வெப்பமான நாடுகளின் நோய்கள்” என்றார். அப்படியானால் நாம் எல்லாரும் வெப்பமான நாட்டில்தானே இருக்கிறோம், என் சர்க்கரை நோயும் அதில் சேருமா என்று கேட்டேன். அவருக்கு வேலை இருந்தது, வைத்துவிட்டார்.

இங்கே சொல் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். ‘டிராபிகல்’ என்ற சொல்லின் வேரில் வெப்பம் இருக்கிறதா, அல்லது நாம் சேர்த்துக்கொண்டதா? வேறு தமிழ்ச் சொல் உண்டா? சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

கலைச்சொல் காவலன்

பாடநூலில் வெப்பமண்டலம் என்றுதான் இருக்கிறது. செய்தித்தாள்களும் அதையே எழுதுகின்றன. வழக்கில் நிலைத்த சொல்லைத் தோண்டிக்கொண்டிருந்தால் எந்தப் போர்டும் மாட்ட முடியாது. அப்படியே அச்சிடுங்கள்.

நிழலளப்பான், குடியாத்தம்

முப்பத்தொரு வருடம் பூகோளம் நடத்தியவன் என்ற முறையில் இதற்குள் நுழைகிறேன். அச்சுக்கடைக்காரரின் சந்தேகம் நியாயமானது. அந்தச் சொல்லின் வேரில் வெப்பம் துளிகூடக் கிடையாது.

கிரேக்கத்தில் ‘டிரோபே’ என்றால் திரும்புதல். சூரியன் ஆறு மாதம் வடக்கே ஏறிக்கொண்டே போய், ஜூன் 21 வாக்கில் ஓர் எல்லையைத் தொட்டுத் தெற்கே திரும்புகிறது. டிசம்பர் 22 வாக்கில் தெற்கு எல்லையைத் தொட்டு வடக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பங்கள் நிகழும் இரண்டு கோடுகள்தான் ‘டிராபிக்’. நாம் கடகரேகை, மகரரேகை என்கிறோம். இரண்டும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 23½ பாகை. இடையில் கிடக்கும் நிலம் முழுவதும் டிராபிக்ஸ். சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும் நாள் உள்ள ஊர்கள் என்று பொருள் சொல்லலாம்.

வேலூர் கிட்டத்தட்ட 13 பாகையில் இருக்கிறது. ஆகையால் வருடத்தில் இரண்டு நாள் நம் நிழல் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒன்று. பள்ளி விடுமுறை விடாத வருடங்களில் பிள்ளைகளைத் திடலுக்குக் கூட்டிப்போய் ஒரு பித்தளைச் செம்பைக் கவிழ்த்து வைப்பேன். பகல் பன்னிரண்டு பத்தைத் தாண்டியதும் செம்பின் நிழல் ஒரு பக்கமும் விழாமல் அப்படியே அடியில் உட்கார்ந்துவிடும். டெல்லியில் என் மைத்துனர் ஆயுள் முழுக்க நின்றாலும் இதைப் பார்க்க முடியாது. வெயில் மட்டும் அவருக்கு நம்மைவிட அதிகம். மே மாதத்து டெல்லியில் நடந்தவர்களுக்கு இது தெரியும். டிராபிக் என்பது சூட்டின் அளவு இல்லை என்பதற்கு அவரே எனக்குப் போதும்.

அப்படியானால் வெப்பம் எங்கிருந்து வந்தது? பழைய மேற்கத்திய நிலநூலார் பூமியைப் பட்டைகளாகப் பிரித்தபோது நடுப்பட்டைக்கு ‘டாரிட்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். லத்தீனில் வறுப்பது, காய வைப்பது என்ற வேர். நாம் ரொட்டியை டோஸ்ட் செய்கிறோமே, அந்தச் சொல்லும் இதே வீட்டுப் பிள்ளைதான். நம் பாடநூலின் வெப்பமண்டலம், மிதவெப்பமண்டலம், குளிர்மண்டலம் என்ற வரிசை அந்தப் பிரிவினையின் தமிழ். பிறகு ‘டிராபிகல்’ வந்தபோது, இடம் ஒன்றுதானே என்று அதே சட்டையை மாட்டிவிட்டோம். நிலம் ஒன்று, சொற்கள் இரண்டு. வறுபடுவது ஒரு சொல், திரும்புவது இன்னொரு சொல்.

நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. மகரரேகை என்ற பெயர் வைத்த காலத்தில் சூரியன் திரும்பும்போது மகர ராசியில் இருந்தது. இப்போது திருப்பம் நடப்பது மார்கழி முதல் வாரத்தில்; சூரியன் தனுசில். நாம் இன்னமும் தை ஒன்றாம் தேதிதான் உத்தராயணம் பிறந்ததாகப் பொங்கல் வைக்கிறோம். சூரியன் திரும்பி மூன்று வாரம் கழித்துக் கரும்பு வெட்டுகிறோம். பொங்கலின் ருசிக்கு அதனால் குறைவில்லை.

வடலி

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. உங்கள் ஆசிரியர் சொன்னதை வாசித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் பள்ளிப் புத்தகங்களில் அது எப்போதும் ‘அயனமண்டலம்’தான். அயனமண்டலக் காடு, அயனமண்டல நோய் என்றே படித்தோம். கடகரேகையும் எங்களுக்குக் கடகக் கோடு. உத்தராயணம், தட்சிணாயணம் என்கிறீர்களே, அதே அயனம். சூரியனுடைய போக்கைச் சொல்லும் சொல் உங்கள் பஞ்சாங்கத்திலேயே கிடக்க, வெப்பத்தை ஏன் இழுத்து வந்தீர்கள்?

இன்னொன்று. நீங்கள் டைபாய்டு என்று சொல்லும் காய்ச்சலை எங்கள் ஆச்சி ‘நெருப்புக் காய்ச்சல்’ என்பார். எங்களிடமும் நெருப்பு நோயின் பெயருக்குள் இருக்கிறது. ஆகையால் உங்கள் அணைக்கட்டு அம்மாவை நான் சிரிக்க மாட்டேன்.

அச்சுக்கடை, வேலூர்

நிழலளப்பான் ஐயாவுக்கு நன்றி. செம்பு விஷயத்தை ஏப்ரலில் மொட்டை மாடியில் செய்து பார்க்கப் போகிறேன்.

வடலி அவர்களே, உங்கள் ‘நெருப்புக் காய்ச்சல்’ என்னை வேறு ஒரு கதைக்குக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இந்த டாக்டர் சொன்ன வகை நோய் ஒன்று வந்திருக்கிறது. வந்தபோது பெயர் தெரியாது.

நான்கு வருடத்துக்கு முன்பு, கார்த்திகை கடைசி. ஒடுகத்தூர்ப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. தரிசாகப் போட்டதில் இடுப்பளவு புதர். மழை விட்டதும் ஆள் வைத்து வெட்டினோம். நானும் சும்மா இராமல் லுங்கியை மடித்துக்கட்டி அரிவாளோடு இறங்கினேன். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. தலை பிளக்கிறது, கண்ணைச் சுழற்றினால் வலிக்கிறது. வீட்டில் சூடு என்று முடிவு கட்டி வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்கள். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே நான் குளிர்ச்சிக்கு வெந்தயம் தின்கிறேன். தெருமுனை கிளினிக் ஒன்றில் ரத்தம் எடுத்து டைபாய்டு என்றார்கள். ஐந்து நாள் மாத்திரை. காய்ச்சல் நூற்று மூன்றிலிருந்து இறங்கவில்லை. ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

அடுத்து போன இடத்தில் ஒரு வயதான டாக்டரம்மா. காய்ச்சல் கதையைப் பாதியில் நிறுத்தி, “புதர், புல், வரப்பு, எங்கேயாவது போனீர்களா?” என்றார். சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு என்று டார்ச் அடித்துத் தேடினார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இடுப்பில் லுங்கி முடிச்சு அழுத்தும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே அது இருந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் கரிந்துபோன கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். பீடி நெருப்பை யாரோ வைத்து அழுத்தியது போல. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. ஆறு நாளாக என் உடம்பிலேயே இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. “ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று பேப்பரில் போடுவார்களே, அது” என்றார். மாட்டு உண்ணி இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்ததாம். டாக்ஸிசைக்ளின் கொடுத்தார். இரண்டாம் நாள் இரவு வியர்த்து ஊற்றியது, பாயை மாற்றிப் போட்டார்கள், காலையில் இட்லி கேட்டேன்.

எழுத்து வேலைக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம், சொல்லை விடமாட்டான். படுக்கையில் கிடந்தபோதே டைபஸ், டைபாய்டு என்று ஏன் இரண்டும் ஒட்டிப் பிறந்தது போல இருக்கிறது என்று கேட்டேன். ‘டைபோஸ்’ என்றால் கிரேக்கத்தில் புகை, மூட்டம், அறிவு மங்கிக் கிடப்பது. காய்ச்சலில் நோயாளி பிதற்றுவதால் வைத்த பெயராம். டைபாய்டு என்றால் ‘டைபஸ் மாதிரி இருப்பது’. ஒன்றை ஒன்று என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள் என்று அந்த கிளினிக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். நோய்க்குப் பெயர் வைத்தவர்களே ‘மாதிரி’ என்றுதான் வைத்திருக்கிறார்கள். திட்டுவதை முழுதாக நிறுத்தவில்லை, பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

அந்தப் பொருக்குக்கு டாக்டர்கள் சொல்லும் ‘எஸ்கார்’ என்ற சொல்லும் கிரேக்கம்தான். அடுப்பு என்று பொருள். யாழ்ப்பாணத்தில் நெருப்பு, கிரேக்கத்தில் புகை, என் இடுப்பில் அடுப்பு. ஆனால் வந்தது ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக் குளிரில். எங்கள் பக்கம் இந்தக் காய்ச்சல் மிகுதியாக வருவது மழைக்குப் பின் வரும் அந்த மாதங்களில்தான். இதை வெப்பமண்டல நோய் என்று சொன்னால் நான் வெந்தயத்தைத்தானே தின்பேன்?

ஆகையால் எனக்கு அயனம் பிடித்திருக்கிறது. போட்டுவிடட்டுமா?

நிழலளப்பான், குடியாத்தம்

ஒரு சின்னத் திருத்தம். அயனம் என்றால் திரும்புதல் இல்லை. வடமொழியில் செல்லுதல், வழி. பழந்தமிழில் ‘செலவு’ என்பார்களே, அது. உத்தர அயனம் வடக்கு நோக்கிய பயணம். கிரேக்கச் சொல் வளைவைப் பார்க்கிறது, இது வழியைப் பார்க்கிறது. வெப்பத்தைவிடப் பல மடங்கு பக்கம். ஆனால் அச்சொட்டாக அதே பொருள் என்று யாரும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம்.

இரவுப்பணி

அவசரப் பிரிவில் பத்தொன்பது வருடம் செவிலியர் வேலை. இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து பாகாயம் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வார்த்தைப் பிழை இருந்தால் அச்சுக்கடை அண்ணன் திருத்திக்கொள்ளட்டும்.

‘இது வெப்பநாட்டு நோய்’ என்று யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதையும் கேட்க வேண்டும். இந்தப் படிப்புக்குத் தனிப் பள்ளி 1898-இல் லிவர்பூலிலும் 1899-இல் லண்டனிலும் திறந்தார்கள். லண்டன் பள்ளியைத் தொடங்கிய பேட்ரிக் மேன்சன், யானைக்கால் நோயின் நூல்புழு கொசுவின் உடம்பில் வளர்வதை 1877-இல் சீனத்து அமோயில் கண்டவர். தங்கள் ஊரிலிருந்து கப்பலேறி வருகிற அதிகாரியும் சிப்பாயும் வியாபாரியும் சாகாமல் இருக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளிகளுக்கு முக்கியக் கவலை. அவர்கள் புறப்பட்ட இடத்திலிருந்து பார்த்தால் இது ‘அங்கே’ உள்ள நோய். ஒடுகத்தூரில் புதர் வெட்டுகிறவருக்கு இது வெறும் காய்ச்சல்.

அதிலும் பாருங்கள், மலேரியா என்ற சொல்லே இத்தாலியில் பிறந்தது. ‘கெட்ட காற்று’. அது அயனத்துக்குள் வராத தேசம். தொழுநோய்க் கிருமியை 1873-இல் ஹான்சன் கண்டுபிடித்தது பனி கொட்டும் நார்வேயில், அங்கிருந்த நோயாளிகளிடம். அங்கே வாழ்க்கை வசதி கூடியது, நோய் போனது. நம் கரிகிரியில் அதற்கென்று 1955-இல் ஆராய்ச்சி மையம் வைக்க வேண்டியிருந்தது. வெயிலா காரணம்?

நம் மாவட்டத்துப் பெயரும் இந்தப் படிப்பில் நிறைய இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலை இந்தியாவில் நோயாளிகளிடம் முதலில் அடையாளம் கண்டது 1955-இல், பழைய வட ஆற்காட்டில், வேலூரில். நெல் வயல் தண்ணீரில் வளரும் கொசு, பன்றி, கொக்கு என்று சுற்றுகிற நோய். 1964-இல் சென்னையில் பரவிய சிக்குன்குனியா வேலூருக்கும் வந்தது. அந்தப் பெயர் ஆப்பிரிக்காவின் மகொண்டே மொழியில் ‘வளைந்து போவது’. 2006-இல் திரும்ப வந்தபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தப் பெயரை இடுப்பில் சுமந்து நடந்தார்கள். மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. வெறுங்காலில் முள் குத்திப் பூஞ்சை புகுந்து பாதம் வீங்கும் நோய்க்கு 1840-களில் அங்கே பார்த்த ஆங்கில மருத்துவர்கள் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் இன்றும் ‘மதுரைப் பாதம்’ என்று படிக்கிறார்கள். மல்லிகைக்கும் அதே ஊர்தான், என்ன செய்வது.

‘டிரோபே’ என்று ஐயா எழுதியதைப் படித்தவுடன் எனக்குக் கை நின்றுவிட்டது. நேற்று இரவு முழுக்க நான் உடைத்துக்கொண்டிருந்தது அட்ரோபின் குப்பிகளை. பூச்சிமருந்து குடித்துவிட்ட பையன். பத்தொன்பது வயது. வாயில் நுரை, நெஞ்சில் சளி கொதிக்கிற சத்தம், கண்பாவை ஊசிமுனை அளவு. சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டித்து ஏற்றிக்கொண்டே, நெஞ்சுச் சத்தம் அடங்குகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டும். குப்பியின் கழுத்தை உடைத்து உடைத்துக் கட்டைவிரலில் கீறல். அந்த மருந்தின் பெயரும் இதே வேர்தான் என்று மாணவியாக இருந்தபோது ஒரு டியூட்டர் சொன்னார். கிரேக்கக் கதையில் ஆயுளை நூலாக நூற்கிறவள் ஒருத்தி, அளக்கிறவள் ஒருத்தி, கடைசியில் அறுக்கிறவள் அட்ரோபோஸ். ‘திருப்ப முடியாதவள்’. மருந்து கிடைத்த நச்சுச் செடிக்கு அவள் பெயரை வைத்தார்கள். சூரியன் திரும்புகிற இடம் டிராபிக், திரும்பாதவள் அட்ரோபோஸ்.

விடியற்காலை நான்கு மணிக்கு நெஞ்சு தெளிந்தது. பாவை விரிந்தது. அவன் அம்மா பெஞ்சிலேயே தூங்கிவிட்டிருந்தார். எழுப்பிச் சொன்னேன்.

போர்டில் எந்தச் சொல் போட்டாலும் சரி. அடியில் இரண்டாவது வரியில் ‘காய்ச்சல், பூச்சிக்கடி, பாம்புக்கடி, மஞ்சள்காமாலை’ என்று பெரிதாகப் போடச் சொல்லுங்கள். எங்களிடம் வருகிறவர்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பது அதைத்தான்.

கலைச்சொல் காவலன்

இரண்டாவது வரி நல்ல யோசனை. முதல் வரியில் என் கருத்து மாறவில்லை.

அச்சுக்கடை, வேலூர்

இரவுப்பணித் தங்கைக்கு: பிழை ஒன்றுதான், பிறகு தனியாகச் சொல்கிறேன். பையன் எப்படி இருக்கிறான் என்று முடிந்தால் எழுதுங்கள்.

இன்று டாக்டர் வந்து பார்த்தார். அயனம் என்றேன், பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிற இடம் என்று நினைத்துவிடுவார்களே என்றார். வேலூரில் அதற்கும் வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. எழுத்தை எண்ணிக் காட்டினேன். ‘வெப்பமண்டல’ ஏழு எழுத்து, ‘அயனமண்டல’ ஏழு எழுத்து. அளவு மாறாது, ஒரு கொம்பு மிச்சம். சிரித்தாரே தவிர அசையவில்லை. கடைசியில் அவருடைய வெப்பமண்டலம் மேலே சின்ன எழுத்தில் ஏறிவிட்டது. தங்கை சொன்ன வரி கொட்டை எழுத்துக்கு வந்துவிட்டது, முதல் சொல் காய்ச்சல். அதற்கு அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

பூச்சிக்கடியில் ‘க்’ விழுந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு மெஷினில் ஏறுகிறது. அணைக்கட்டு அம்மாள் நகல் அட்டையை இங்கேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். வாங்க வரும்போது படித்துக் காட்டச் சொல்கிறேன்.